உங்களுக்குத் தெரியுமா? ஓட்டத்தை முளையிலேயே கிள்ளும் 'பிளிட்ஸ்'

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பின்னால் நிற்கும் தடுப்பாளர்களையும் முன்னே பாயவிடும் 'பிளிட்ஸ்' என்றதும், பந்தை எறியப்போகும் குவாட்டர்பேக்கை விரட்டிப் பிடிப்பதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவரை மடக்கவும் அதே பிளிட்ஸ்தான் ஆயுதம். பார்ப்பதற்கு முரட்டுப் பாய்ச்சல். உள்ளே இருப்பது கறாரான கணக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

★ நான்கு வாய்ப்பு, பத்து யார்டு

தாக்கி ஆடும் அணிக்கு நான்கு 'டவுன்', அதாவது நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மூன்றரை யார்டு ஓடினாலே மூன்று டவுனில் வேலை முடிந்துவிடும். அதனால், முதல் டவுனிலேயே பிளிட்ஸ் அனுப்பி ஓடுபவரை மூன்று யார்டு பின்னால் வீழ்த்தினால் கிடைப்பது பெரிய லாபம். அடுத்த டவுனில் 13 யார்டு தேவை. அவ்வளவு தூரம் ஓடி எடுப்பது கடினம், பந்தை எறிந்தாக வேண்டும். எதிராளியின் திட்டம் பாதி அம்பலமாகிவிடுகிறது.

★ ஐந்து பேர், ஆறு சந்து

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அடுத்து டேக்கிள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் உள்ள சந்துக்குப் பெயர் 'ஏ'. கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் 'பி'. டேக்கிளுக்கு வெளியே 'சி'. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. டேக்கிளை ஒட்டி 'டைட் எண்ட்' என்னும் இன்னோர் ஆள் வந்து நின்றால் ஏழாவது சந்து பிறந்துவிடும். தடுக்கும் அணியில் ஒவ்வொரு சந்துக்கும் ஓர் ஆள் பொறுப்பு. ஏரிக்கரையில் ஓரிடத்தில் உடைப்பெடுத்தால் மற்ற இடங்களில் கொட்டிய மண் எல்லாம் வீண் அல்லவா? ஓட்டத் தடுப்பும் அப்படித்தான்.

★ காத்திருக்காத லைன்பேக்கர்

வழக்கமான தடுப்பில் லைன்பேக்கர்கள் முன்வரிசைக்கு நான்கைந்து யார்டு பின்னால் நின்று, ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத் தங்கள் சந்துக்கு வருவார்கள். அந்த அவகாசத்தில் எதிரணியின் கார்டு ஓடிவந்து அவர்களை மறித்துவிடலாம். பிளிட்ஸில் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் அதே கணத்தில் லைன்பேக்கர் சந்துக்குள் புகுந்திருப்பார். மறிக்க வேண்டியவர் அவரைத் தேடி முன்னால் போகும்போது, அவர் ஏற்கெனவே தாண்டிப் பின்னால் போயிருப்பார்.

★ குவாட்டர்பேக் ஓடினால் கூட்டல் மாறும்

இரு பக்கமும் 11 பேர். குவாட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், ஓடுபவரையும் கழித்து, மறிப்பதற்கு மிஞ்சுவது 9 பேர். குவாட்டர்பேக்கே பந்தோடு ஓடினால், ஓட வேண்டியவரும் மறிக்க வந்துவிடுவார். இப்போது 10 பேர். தொழில்முறை ஆட்டத்தைவிடக் கல்லூரி ஆட்டத்தில் குவாட்டர்பேக் ஓடுவதைத் திட்டமிட்டே அதிகம் சேர்க்கிறார்கள். கைநழுவிய அந்த ஓர் ஆளின் அனுகூலத்தை, தூரத்தில் நிற்கும் ஒரு சேஃப்டியையோ கார்னர்பேக்கையோ பிளிட்ஸில் இறக்கித்தான் தடுக்கும் அணி மீட்டெடுக்கிறது.

★ மறிக்காமல் விட்டு ஏமாற்றும் ஆட்டம்

'ஸோன் ரீட்' என்றொரு ஆட்டம். மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் கல்லூரியில் 1990-களில் கோச்சாக இருந்த ரிச் ராட்ரிகஸ் இதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ஓடுபவரைத் துரத்தினால் குவாட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு அவர் விட்டுப்போன இடத்தில் ஓடுவார். இதற்கு மாற்று மருந்து, இருவர் வேலையை மாற்றிக்கொள்வது. ஓரத்து ஆள் துணிந்து உள்ளே பாய்வார். அவர் விட்ட இடத்துக்கு லைன்பேக்கர் பின்னாலிருந்து சுற்றி வந்து நிற்பார். காலி இடம் என்று நம்பி வரும் குவாட்டர்பேக் நேராக அவர் கையில் மாட்டுவார்.

★ மைதானத்தின் குறுகிய பக்கம்

மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு டவுனும் தொடங்கும் இடத்துக்கு எல்லை வகுக்கும் இரண்டு 'ஹாஷ்' கோடுகளுக்கு நடுவே கல்லூரி ஆட்டத்தில் 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் வெறும் பதினெட்டரை அடி. ஆகவே கல்லூரியில் பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. குறுகிய பக்கத்தில் எல்லைக்கோடே ஒரு தடுப்பாளர் மாதிரி உதவும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைத் துணிந்து பிளிட்ஸுக்கு அனுப்பலாம். அகலமான பக்கத்திலிருந்து அனுப்பினால், ஓட்டம் அந்த வெளியில் விரிவதற்குள் வெட்டிவிடலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

★ அசையும் உரிமை

பந்து நகர்வதற்கு முன் தாக்கும் அணி முழுவதும் ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். அதன்பின் ஒருவர் மட்டும் நகரலாம், அவரும் முன்னோக்கி வரக் கூடாது. தடுக்கும் அணிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பந்து இருக்கும் கோட்டைத் தாண்டாதவரை முன்னே வரலாம், பின்னே போகலாம், இடம் மாறலாம். பிளிட்ஸுக்கு வருவது போல் நின்று பின்வாங்குவதும், பின்னால் நின்றுவிட்டுக் கடைசி நொடியில் பாய்வதும் இதனால்தான் சாத்தியம். ஆனால் எதிரணி பந்தைத் தொடங்கும் நேரத்தில் குரலெழுப்பிக் குழப்பினால் அபராதம்.

★ வெளுக்கும் விரல் கணு

முன்வரிசை ஆட்டக்காரர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். அந்தக் கையில் எடை அதிகம் இருந்தால் விரல் கணுக்கள் அழுத்தத்தில் வெளுத்துத் தெரியும். முன்னால் முட்டித் தள்ளப்போகிறார், அதாவது ஓட்டம் வருகிறது என்பதற்கான சாடை அது. கை லேசாகப் பட்டும் படாமலும் இருந்தால், பின்வாங்கவோ பக்கவாட்டில் ஓடவோ போகிறார். அனுபவமுள்ள லைன்பேக்கர் இதைப் பார்த்துவிட்டுத்தான் குதிகாலைத் தூக்குவார்.

★ கார்டு விட்டுப்போகும் கதவு

'பவர்', 'கவுண்ட்டர்' ஆட்டங்களில் ஒரு கார்டு தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடி, அங்கே வழி திறந்துவிடுவார். அவர் ஒரு காலைப் பின்னால் இழுத்துத் திரும்பிய மறுகணம், அவர் நின்ற இடம் வெறுமையாகிறது. பக்கத்தில் நிற்கும் சென்டர் குறுக்கே சாய்ந்து அதை மூடுவதற்குள், லைன்பேக்கர் தோளைத் தாழ்த்தி அந்த ஓட்டைக்குள் நுழைந்துவிட்டால், பந்து கைமாறும் இடத்துக்கே போய்ச் சேரலாம். கார்டின் முதல் அடிதான் சைகை. இரண்டாவது அடிவரை காத்திருந்தால் கதவு சாத்தியாகிவிடும்.

★ 'சேக்' எந்தக் கணக்கில்?

பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது 'சேக்'. அதில் பறிபோகும் யார்டுகளைத் தொழில்முறை லீக்கில் எறிதல் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரி ஆட்டத்திலோ அது ஓட்டக் கணக்கில் கழிகிறது! அதனால், பிளிட்ஸ் அதிகம் அனுப்பும் கல்லூரி அணிகளின் ஓட்டத் தடுப்பு எண்கள் இரட்டிப்பாகப் பளிச்சிடும். எண்ணைப் பார்க்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

★ மைனஸ் 48

2013 நவம்பர் 2. ஈஸ்ட் லான்சிங் நகரில் மிச்சிகன் அணி, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 6-29 என்று தோற்றது. அன்று மிச்சிகனின் மொத்த ஓட்டம் மைனஸ் 48 யார்டு! ஏழு சேக்குகளும் அந்தக் கணக்கில் அடக்கம். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதுதான் ஆகக் குறைவு. மிச்சிகன் ஸ்டேட்டின் அப்போதைய தடுப்பாட்ட கோச் பாட் நார்டூஸிக்குப் பிடித்த உத்தி, சென்டரின் இருபுறமும் உள்ள இரண்டு 'ஏ' சந்துகளிலும் லைன்பேக்கர்களை ஒரே நேரத்தில் பாய்ச்சுவது. சென்டர் ஒருவர், வருபவர்கள் இருவர். நாட்டின் சிறந்த உதவி கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது அந்த ஆண்டு நார்டூஸிக்குத்தான்.

★ பாலைவனப் படை

1993-ல் அரிசோனா பல்கலைக்கழக அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ஓட்டம் ஏறக்குறைய 30 யார்டுதான். 'டெசர்ட் ஸ்வார்ம்' என்று பெயரெடுத்த அந்தத் தடுப்பாட்டத்தின் முன்னணி வீரர் டெடி புரூஸ்கி. அந்தப் பருவத்தின் முடிவில் ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் மியாமியை 29-0 என்று வென்றார்கள்.

★ மூன்று பேர், மூன்று பேர், ஐந்து பேர்

கோச் ராக்கி லாங் நியூ மெக்சிகோவிலும் சான் டியேகோ ஸ்டேட்டிலும் ஆடவைத்த அமைப்பு 3-3-5. முன்னால் மூவர், அவர்களுக்குப் பின்னே மூன்று லைன்பேக்கர்கள், கடைசியில் ஐவர். வழக்கமாக முன்னால் நிற்கும் நால்வரில் ஒருவர் இங்கே குறைவு. ஆனால் நான்காவது, ஐந்தாவது ஆள் எங்கிருந்து வருவார் என்பது எதிரணிக்குக் கடைசிவரை தெரியாது. பிற்காலத்தில் சிகாகோ பேர்ஸ் அணியின் புகழ்பெற்ற லைன்பேக்கராகி, ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பிடித்த பிரையன் எர்லாக்கர், நியூ மெக்சிகோவில் லாங்கின் கையில் உருவானவர்தான்.

★ ஆபத்தில்லாத நெருக்கடி

பிளிட்ஸுக்கு ஆள் அனுப்பினால் பின்னால் ஆள் குறையும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடி, சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் கோச் டிக் லெபோ 1980-களில் சென்று பார்த்தவர்களில் ஒருவர், அப்போது லூயிசியானா ஸ்டேட்டின் தலைமை கோச்சாக இருந்த பில் ஆர்ன்ஸ்பார்கர். ஒரு பக்கம் லைன்பேக்கரை அனுப்பும்போது, மறுபக்கம் முன்வரிசை ஆள் ஒருவரைப் பின்வாங்கவைத்துச் சமன்செய்வதே கிடைத்த தீர்வின் சாரம். 'ஸோன் பிளிட்ஸ்' என்று அது பரவியது. இன்றைய கல்லூரிகளில் அதன் பேரப்பிள்ளை 'க்ரீப்பர்'. பாய்பவர்கள் நால்வர்தான், ஆனால் எந்த நால்வர் என்பதுதான் புதிர்.

★ மூன்று யார்டு சலுகை

எறியும் ஆட்டத்தில் முன்வரிசையினர் பந்து தொடங்கும் கோட்டைத் தாண்டிக் கல்லூரியில் 3 யார்டுவரை போகலாம். தொழில்முறை லீக்கில் 1 யார்டு. இந்தச் சலுகையால் கல்லூரிகளில், ஓடுவதா எறிவதா என்று கடைசி நேரத்தில் முடிவெடுக்கும் 'ஆர்.பி.ஓ.' செழித்தது. முன்வரிசை ஓட்டத்துக்கு மறிக்கும். குவாட்டர்பேக் ஒரு லைன்பேக்கரைப் பார்ப்பார். அவர் பிளிட்ஸில் பாய்ந்தால் அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை எறிந்துவிடுவார். ஆகவே பாய்பவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதையும் கோச் முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும்.

★ முழங்கால் பட்டால் போதும்

தொழில்முறை ஆட்டத்தில், எதிராளி தொடாமல் வழுக்கி விழுந்தவர் எழுந்து ஓடலாம். கல்லூரி ஆட்டத்தில் முழங்கால் தரையில் பட்டாலே அந்த டவுன் முடிந்தது. பாய்ந்து வருபவரைக் கண்டு சட்டென்று திரும்பும்போது ஓடுபவர் தடுமாறி முழங்காலிட்டால், அவரைத் தொடாமலேயே பிளிட்ஸ் வென்றுவிட்டது.

★ வேகத்தின் கண்ணி

பிளிட்ஸில் அடிக்கடி நடக்கும் பிழை, உள்ளே நுழைந்த பின்னும் வேகத்தைக் குறைக்காதது. ஓடுபவர் ஓர் அடி ஒதுங்கினால் போதும், பாய்ந்தவர் வெறுங்கையோடு கடந்து போய்விடுவார். அதனால்தான், சந்தைத் தாண்டியதும் காலடியைச் சுருக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஓடுபவரின் நெஞ்சைவிட்டு இடுப்பைப் பார்க்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். நெஞ்சு ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது.

★ கணக்கு தப்பினால்?

பாய்ந்தவர்களில் ஒருவர் தன் சந்தை விட்டுப் பக்கத்துச் சந்தில் நுழைந்தாலும் போச்சு. பின்னால் இரண்டாம் வரிசையே இல்லை. சேஃப்டியைத் தாண்டினால் நேரே டச்டவுன். ஓட்டத்தை நிறுத்த முடியாவிட்டால் எவ்வளவு போகும் என்பதற்கு 2014 சாட்சி. நவம்பர் 15-ல் விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் நெப்ராஸ்காவுக்கு எதிராக 408 யார்டு ஓடிச் சாதனை படைத்தார். ஒரே வாரத்தில் ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் கான்சஸுக்கு எதிராக 427 யார்டு ஓடி அதை முறியடித்தார்.

★ ஹெல்மெட்டுக்குள் கோச்

நீண்ட காலம் கல்லூரி கோச்சுகள் கைச்சாடையாலும் படம் வரைந்த அட்டையாலும்தான் பிளிட்ஸைச் சொல்லி வந்தார்கள். 2024 முதல் உயர்நிலைக் கல்லூரி அணிகளில், களத்தில் நிற்கும் ஒருவரின் ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரல் கேட்கலாம். பந்தைத் தொடங்குவதற்கான அவகாசம் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது குரல் நின்றுவிடும். அதன்பின் எதிரணி அணிவகுப்பை மாற்றினால், பிளிட்ஸை மாற்றுவதா கைவிடுவதா என்று முடிவெடுப்பது இருபது வயது இளைஞர்தான்.

★ இரண்டு புத்தாண்டு, ஒரே தாவல்

1979 ஜனவரி 1, சுகர் பவுல். அலபாமா 14, பென் ஸ்டேட் 7. கோல் கோட்டுக்கு வெகு அருகில் நான்காவது டவுன். மைக் குமன் குவியலுக்கு மேலே தாவ, அலபாமாவின் பேரி க்ராஸ் எதிரே பாய்ந்து அவரை வீழ்த்தினார். சரியாக 35 ஆண்டு கழித்து, 2014 ஜனவரி 1, ரோஸ் பவுல். மிச்சிகன் ஸ்டேட் 24, ஸ்டான்ஃபோர்ட் 20. மறுபடியும் நான்காவது டவுன், தேவை ஒரே யார்டு. பந்தோடு வந்த ரயன் ஹூவிட்டை, குவியலுக்கு மேலே பறந்து வந்து தடுத்தார் கைலர் எல்ஸ்வொர்த். கீழே சந்துகள் எல்லாம் அடைபட்டதால்தான், இரண்டு முறையும் மேலே வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது.

★ பதிலாள்தான் நாயகன்

அந்த எல்ஸ்வொர்த், அணியின் வழக்கமான நடு லைன்பேக்கர் ஆட முடியாமல் போனதால் வாய்ப்புப் பெற்றவர். ஆட்டத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற பரிசு அன்று அவருக்குத்தான் கிடைத்தது. யாருக்கு எந்தச் சந்து என்று பதினொரு பேருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த அணியில், ஒருவர் போனால் இன்னொருவர் அதே இடத்தில் அதே வேலையைச் செய்ய முடியும். அடுத்த முறை ஒரு லைன்பேக்கர் பாயும்போது அவரை மட்டும் பார்க்காதீர்கள். மற்ற பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவருடைய துணிச்சலுக்கு ஜாமீன் அவர்கள்தான்.