சாவிக்கு முன் கையெழுத்து!

1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. பாட்டாளி பெட்டியோடு வந்தான். கள்ளிக்குப்பம் போன்ற பக்கத்து ஊர்களில் குடியிருக்க ஓர் அறை தேடினான்.

வீட்டுக்காரர் கொடியவரா? இல்லை, சேமிப்பையெல்லாம் செங்கல்லாக்கியவர். குடியிருப்பவர் கள்வரா? இல்லை, உழைத்த கூலியில் வாடகை எண்ணித் தருபவர். பின் பூசல் ஏன்? எல்லாம் வாய்ப்பேச்சாய் இருப்பதால்! ஒருவர் வெள்ளையடிப்புக் கணக்குக் காட்டி முன்பணத்தைப் பிடிக்கிறார். மற்றவர் பாக்கியை முன்பணத்தில் கழிக்கச் சொல்கிறார்.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வழி சொல்கிறது: எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, வேறு உடன்பாடு இல்லையேல், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது. குடிநீரை, மின்சாரத்தை நிறுத்தி விரட்டலாகாது. காலத்தில் வாடகை தருவது குடியிருப்பவர் கடமை.

தயவு தேயும், தாள் நிற்கும். நாம் கேட்பது நட்பு. அந்த நட்புக்குக் காவல் ஒப்பந்தம். சாவி கைமாறுமுன் கையெழுத்து விழட்டும்!