கொடியோடு சேர்ந்த கிளை



பரீட்சை நெருங்கினால் போதும், கோயிலில் மெழுகுவத்தி நிறைய எரியும். "எல்லாம் சாமி பாத்துக்கும்டா"ன்னு ஒருத்தன் புத்தகத்தை மூடி வெச்சிடுவான். "சாமியா வந்து எழுதப் போகுது? நான்தான் எழுதணும்"னு இன்னொருத்தன் சொல்லுவான். இதில் யார் சொல்வது சரி? கடவுளைச் சார்ந்து வாழ்வது என்றால் என்ன?

தொண்டாமுத்தூர் பக்கம் போனால் திராட்சைப் பந்தல்களைப் பார்க்கலாம். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்வார்கள். நல்லா இருக்கிற கொடியை இப்படி வெட்டுறாங்களேன்னு நமக்குத் தோணும். ஆனால் வெட்டிய பிறகு வரும் புதுத் துளிரில்தான் குலை பிடிக்கும். கிளை பந்தலில் எவ்வளவு தூரம் படர்ந்தாலும் அதற்குத் தண்ணீர் தண்டு வழியாகத்தான் வரணும்.

யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையும் இதுதான். அவர் திராட்சைக் கொடி, நாம் கிளைகள், தந்தை தோட்டக்காரர். கிளை சும்மா இருப்பதில்லை. இலை விடுகிறது, பூக்கிறது, காய்க்கிறது. ஆனால் கொடியை விட்டுத் தனியாகக் காய்ப்பதில்லை. ஆகவே கடவுளைச் சார்ந்திருப்பது சோம்பேறித்தனம் அல்ல. உழைக்கணும், அந்த உழைப்புக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதற்கு நம்ம ஊர்ப் பக்கமே ஒரு சாட்சி உண்டு. பிரான்சு நாட்டில் 1813-இல் பிறந்த மரியோன் பிரெசிலாக், 1842-இல் புதுச்சேரிக்கு மறைபணியாளராக வந்தார். 1846 அக்டோபர் 4 அன்று, கோவை - அவிநாசி சாலையில் உள்ள கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றார். இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகவும் ஆயர்களாகவும் வரணும் என்பது அவர் ஆசை. அதற்காகக் குருமடத்துக்கு முதலிடம் கொடுத்து உழைத்தார்.

ஆனால் சாதி சார்ந்த சில வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதில் மறைபணியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அவர் மனசாட்சி அமைதி அடையவில்லை. பதவி விலகினார், 1855-இல் திருத்தந்தை அதை ஏற்றுக்கொண்டார்.

அப்போது அவருக்கு வயது 41. "போதும்"னு அவர் உட்காரவில்லை. 1856 டிசம்பர் 8-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் உள்ள ஃபிரீடவுனில் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஜூன் 25-இல் இறந்தார். வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது!

கோவையில் நினைத்தது முடியவில்லை, ஆப்பிரிக்காவில் தொடங்கவே இல்லை. தோத்துப்போன வாழ்க்கை மாதிரிதானே தெரியுது? ஆனால் பிரான்சில் இருந்த பிளாங்க் என்ற குரு சபையைக் கைவிடவில்லை. 1861-லேயே அச்சபையினர் இன்றைய பெனின் நாட்டில் கால் வைத்தார்கள். இங்கே 1940-இல் உபகாரசாமி கோவையின் முதல் இந்திய ஆயரானார். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பிரெசிலாக்கின் புண்ணிய வாழ்வை ஏற்று அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் தந்தார். இதில் எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

பிள்ளை வளர வளர அம்மா கையை விட்டுத் தனியாக நடக்கும். ஆன்மிக வளர்ச்சி அதற்கு நேர் எதிர். வளர வளரக் கடவுள் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்கணும். உழவு ஓட்டி விதைக்கிறது நம்ம பாடு. முளைக்க வைக்கிறது அவர் பாடு.

எனவே நண்பர்களே, ஜெபம் செய்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்போம். மூடும்போது நன்றி சொல்வோம். மார்க் குறைந்தாலும், கேட்டது கிடைக்காவிட்டாலும் கொடியை விட்டு விலகாமல் இருப்போம். கவாத்து செய்த கொடியை யாரும் பட்டுப்போச்சுன்னு சொல்றதில்லையே!