மாதேரான் மலையூர்

விடுமுறை என்றதும் மும்பைவாழ் தமிழன்பர்கள் சொந்த ஊருக்கே ரயிலேறுகிறோம். கல்யாணுக்கும் கர்ஜத்துக்கும் இடையிலுள்ள நேரள் ஸ்டேஷனில் இறங்குவோர் நம்முள் சிலரே. அங்கிருந்து மாதேரானுக்கு ஏறும் இரண்டடி அகல இருப்புப்பாதையை, தந்தை ஆதம்ஜி பீர்பாய் பொருளுதவ, மைந்தர் அப்துல் ஹுசேன் 1907-இல் முடித்தார். 2019 மழையில் சிதைந்த அப்பாதையில் 2022-இல் மீண்டும் வண்டி ஓடியது. ரயில்வே ஊழியனுக்கு இதிலே சற்றுப் பெருமை உண்டு!

மோட்டார்கள் தஸ்தூரி முனையிலேயே நின்றுவிடும். அப்பால் செம்மண் சாலை, மரநிழல், குதிரைக் குளம்பொலி. மோட்டார்ப் பயமின்றிக் குழந்தைகளை நடத்திச் செல்லலாம். ஆயினும் அவ்வமைதியினூடே மனிதனை மனிதன் இழுத்துச் சென்ற கைரிக்ஷா நெஞ்சை உறுத்திற்று. அதனை ஆறு மாதங்களுக்குள் நிறுத்தவும், இழுப்போர்க்கு மாற்றாகப் பேட்டரி ரிக்ஷா வழங்கவும் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

மழைக்காலத்தில் நேரளிலிருந்து மலைரயில் இராது. மழை ஓய்ந்தபின் புறப்படுக.