அவருக்குக் கீமோதெரபி, எனக்கு ஏன் இல்லை?

எங்கள் புறநோயாளர் பிரிவில் அருகருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெண்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. இருவருக்கும் மார்பகப் புற்றுநோய். இருவருக்கும் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் ஒருவருக்குக் கீமோதெரபி பரிந்துரைக்கப்படுகிறது. மற்றவருக்கு ஹார்மோன் மாத்திரை மட்டுமே தரப்படுகிறது. முதலாமவர், "அப்படியானால் என் நோய் முற்றிவிட்டதா?" என்று அஞ்சுகிறார். இரண்டாமவரின் மகனோ, "செலவை எண்ணி அம்மாவுக்குச் சிகிச்சையைக் குறைத்துவிட்டீர்களா, டாக்டர்?" என்று தயக்கத்துடன் கேட்கிறார். இரு அச்சங்களும் இயல்பானவையே. எனினும், இந்த வேறுபாட்டிற்குக் காரணம் நோய் முற்றியதோ செலவோ அல்ல. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் ஆராய்ச்சிகளே அதற்குக் காரணம். அவற்றுள் முக்கியமான சிலவற்றை இங்கு விளக்க விழைகிறோம்.

கட்டியை அகற்றிய பின்னும் மருந்து எதற்கு?

அறுவை சிகிச்சையில் கண்ணுக்குத் தெரியும் கட்டி அகற்றப்படுகிறது. ஆனால் அதற்கு முன்பே சில புற்றுநோய்ச் செல்கள் இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் உடலின் பிற பகுதிகளுக்குச் சென்றிருக்கக்கூடும். அவை எந்த ஸ்கேனிலும் தென்படா. அவற்றை அழிப்பதே அறுவைக்குப் பிந்தைய கீமோதெரபியின் நோக்கம்.

இதன் பயனை உணர்த்திய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, இத்தாலியின் மிலான் நகரில் மருத்துவர் ஜியானி பொனடோனா தலைமையில் நடந்தது. அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்த பெண்களுள் 207 பேருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி அளிக்கப்பட்டது. 179 பேருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே செய்யப்பட்டது. 1976-இல் வெளியான முதல் முடிவுகளின்படி, மருந்து பெறாதவர்களுள் 24 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்து பெற்றவர்களுள் 5.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே திரும்பியிருந்தது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் மருந்து பெற்றவர்களே நலமாக இருந்தனர். எனவே கீமோதெரபி பரிந்துரைக்கப்பட்டாலே நோய் முற்றிவிட்டது என்று பொருளன்று. நோய் திரும்பாமல் காப்பதற்காகவே பலருக்கும் அது அளிக்கப்படுகிறது.

அளவைக் கூட்டினால் பயன் கூடுமா?

சிறிதளவு மருந்து நன்மை செய்தால் பேரளவு மருந்து மேலும் நன்மை செய்யும் என்ற எண்ணம் 1990-களில் வலுப்பெற்றது. மிக அதிக அளவில் மருந்து செலுத்தி, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜையை ஈடுசெய்ய நோயாளியிடமே முன்னதாகச் சேகரித்த செல்களைத் திருப்பிச் செலுத்தும் கடுமையான சிகிச்சையை ஆயிரக்கணக்கான பெண்கள் ஏற்றனர். 1999-இல் முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் பலவற்றின் முடிவுகள் வெளிவந்தன. வழக்கமான சிகிச்சையைவிட அதனால் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை. பெரும்பயன் உண்டு என்று கூறிய ஒரே ஓர் ஆய்வும் நம்பத்தகாதது என்று மறு ஆண்டே தெரியவந்தது. அச்சிகிச்சை கைவிடப்பட்டது.

அளவைக் கூட்டுவதைவிடக் காலத்தைப் பேணுவதே பயன் தரும் என்பதைப் பிற ஆய்வுகள் காட்டின. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தரும் மருந்தை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தருவது போன்ற முறைகளை ஒப்பிட்ட 26 ஆய்வுகளின் தொகுப்பு 2019-இல் வெளியானது. அவற்றில் பங்கேற்ற பெண்கள் ஏறத்தாழ 37,000 பேர். பத்து ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு 31.4 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாகக் குறைந்தது. எனவேதான், குறித்த நாளில் தவறாது வருமாறு நாங்கள் வற்புறுத்துகிறோம். வீட்டில் திருமணம், திருவிழா என்றால் முன்கூட்டியே எங்களிடம் கூறுங்கள். நீங்களாகவே நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

யாருக்குக் கீமோதெரபி தேவையில்லை?

ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 புரதம் மிகாத, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத புற்றுநோயில் இக்கேள்வி முதன்மையானது. இதற்கு விடை காண 10,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட 'டெய்லர்எக்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. கட்டியில் உள்ள 21 மரபணுக்களைச் சோதித்து ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் கணிக்கப்பட்டது. இடைநிலை மதிப்பெண் பெற்றவர்களுள், ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களும் அதனுடன் கீமோதெரபியும் பெற்றவர்களும் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஆனால் 50 வயதும் அதற்குட்பட்டவர்களுமான பெண்களுள், இடைநிலையிலும் சற்று உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கீமோதெரபியால் ஓரளவு பயன் தென்பட்டது.

ஆகவே, மாத்திரை மட்டும் பெறுபவருக்குச் சிகிச்சை குறைக்கப்படவில்லை. பயன் தராத ஒரு மருந்தின் துன்பம் தவிர்க்கப்படுகிறது, அவ்வளவே. அந்த மாத்திரையே அவருக்கு முதன்மையான மருந்து. உடல் நன்றாக இருக்கிறதே என்று எண்ணி அதை இடையில் நிறுத்திவிடக் கூடாது.

மேற்கூறிய மரபணுச் சோதனையின் கட்டணம் மிக அதிகம். எல்லாக் குடும்பங்களாலும் அதை ஏற்க இயலாது. அது இல்லாத நிலையிலும் கட்டியின் அளவு, அதன் தீவிர நிலை, நிணநீர்க் கணுக்களின் நிலை, ஏற்பிச் சோதனைகள், வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா என்பன போன்றவற்றைச் சீர்தூக்கியே முடிவெடுக்கிறோம். சோதனை செய்தாலும் முடிவு மாறாது என்று தெரிந்தால் அதைச் செய்ய வேண்டாம் என்றே கூறுவோம்.

யாருக்கு இன்றியமையாதது?

ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரத மிகுதியும் இல்லாத வகையை 'டிரிபிள் நெகட்டிவ்' என்கிறோம். இவ்வகையில் ஹார்மோன் மாத்திரை பயன்படாது. கீமோதெரபியே முதன்மைத் துணை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இவ்வகை நோயுள்ள ஏறத்தாழ 720 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் அறிவிக்கப்பட்டது. அறுவைக்கு முந்தைய சிகிச்சையில் கார்போபிளாட்டின் என்னும் மருந்தைச் சேர்த்தபோது, 50 வயதுக்கு மேற்படாத பெண்களுக்குத் தெளிவான பயன் கிடைத்தது. அது பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, விலை குறைந்த மருந்து.

'அறுவைக்கு முன்னரே மருந்தா? கட்டி வளர்ந்துவிடாதா?' என்று சிலர் கலங்குகின்றனர். அமெரிக்காவில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், மருந்தை அறுவைக்கு முன் பெற்றவர்களும் பின் பெற்றவர்களும் சம அளவில் உயிர்பிழைத்திருந்தனர். முன்னரே பெற்றவர்களுள் பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கியது. மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் காக்கும் வாய்ப்பும் கூடியது. மருந்துக்குக் கட்டி எவ்வாறு கட்டுப்படுகிறது என்பதைக் கண்கூடாகக் காணவும் இம்முறை உதவுகிறது.

எங்களிடம் கேளுங்கள்

அடுத்த முறை வரும்போது பயாப்சி அறிக்கையை உடன் கொண்டுவாருங்கள். என் நோய் எந்த வகை? கீமோதெரபியால் எனக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் எவ்வளவு? அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் தரப்படும்? இக்கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். நாட்டு மருந்து எதையேனும் உட்கொண்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

கீமோதெரபி பெறுவோரின் குடும்பத்தார் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். மருந்து செலுத்திய பின்வரும் நாட்களில் வெள்ளையணுக்கள் குறையும். அக்காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அருகில் அமர்ந்திருப்பவரின் சிகிச்சையோடு உங்கள் சிகிச்சையை ஒப்பிட்டு வருந்த வேண்டாம். அவருடைய நோய் வேறு, உங்களுடைய நோய் வேறு. ஐயம் எழுந்தால் எங்களிடம் கேளுங்கள். விளங்கும்வரை விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.