முழு மூட்டா, பாதி மூட்டா?

முழங்கால் தேய்ந்துவிட்டால் மூட்டு முழுவதையும் மாற்றுவதுதான் வழி என்று பலரும் நினைக்கிறார்கள். முழங்காலுக்குள் இருப்பதோ மூன்று பகுதிகள்: உட்புறம், வெளிப்புறம், முன்னால் சில்லு உருளும் இடம். நம் வயதானவர்களின் கால் வில்லாக வளைவதற்குப் பெரும்பாலும் உட்புறத் தேய்மானமே காரணம். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் உள்பக்க இடைவெளி மறைந்து எலும்போடு எலும்பு ஒட்டியிருக்கும். வெளிப்பக்கம் நன்றாகவே இருக்கலாம். (படுத்தபடி எடுத்த படம் இதைப் பல சமயம் மறைத்துவிடும்.) அப்படிப்பட்டவருக்கு நல்ல பகுதிகளையும் ஏன் வெட்டி எறிய வேண்டும்?

முழு மாற்றில் தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டையும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சீவி, கோபால்ட்-குரோமிய உறையைப் பொருத்தி, நடுவே பாலிஎத்திலீன் தகட்டை வைக்கிறார்கள். மூட்டுக்குள் இரு எலும்புகளையும் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநாரையும் பொதுவாக அகற்றிவிடுவார்கள். பகுதி மாற்றில் தேய்ந்த பக்கத்துக்கு மட்டுமே உலோகம். அந்தத் தசைநார் அப்படியே இருப்பதால் முழங்காலின் இயல்பான அசைவு பெருமளவு தங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெலோவும் பொறியாளர் ஜான் ஓ'கானரும் 1970களில் உருவாக்கிய நகரும் தகடுதான் இன்றும் பரவலாகப் புழங்கும் பகுதி மூட்டு. வயது குறைந்த, கடும் உடலுழைப்பு செய்பவருக்கு எலும்பை வெட்டி நேராக்கும் சிகிச்சையும் உண்டு.

பகுதி மூட்டு சீக்கிரம் பழுதாகும் என்பதே முக்கிய ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி 25 ஆண்டு தாங்குபவை முழு மூட்டில் சுமார் 82 சதவீதம், பகுதி மூட்டில் 70. ஆனால் இந்த இடைவெளி முழுவதும் உலோகத்தின் குறை அல்ல. பகுதி மூட்டை முழு மூட்டாக மாற்றுவது எளிது. அதனால் வலி என்று வந்தவருக்கு மறுஅறுவைக்குச் சீக்கிரம் கை நீளுகிறது. எப்போதாவது மட்டும் இதைச் செய்யும் மருத்துவர்களிடம் தோல்வி கூடுதல் என்பதையும் பிரிட்டிஷ் பதிவேடுகள் காட்டுகின்றன. அதே நாட்டில் 528 பேரை இரு குழுவாக்கி ஐந்தாண்டு பின்தொடர்ந்த சோதனையில் வலியிலும் நடமாட்டத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செலவு பகுதி மாற்றில்தான் குறைவு. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகளும் அதில் குறைவு என்று 2014இன் பெரிய ஒப்பீடு ஒன்று சொல்கிறது. முடக்குவாதம் உள்ளவருக்கும், தசைநார் அறுந்தவருக்கும், தேய்மானம் வெளிப்பக்கமும் பரவியவருக்கும் முழு மாற்றே சரி.

ஆகவே தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: தேய்ந்தது ஒரு பக்கம் மட்டும்தானா, தசைநார் நன்றாக இருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை பகுதி மாற்று நீங்கள் செய்கிறீர்கள்?