சீருந்துத் தொங்கலமைப்பு மாற்றம்

சீருந்துத் தொங்கலமைப்பு மாற்றம் என்பது, ஆலையில் சீருந்துடன் பொருத்தப்பட்டு வரும் விற்களையும் அதிர்வுத் தணிப்பான்களையும் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் விற்கப்படும் வேறு பாகங்களைத் தேர்ந்து பொருத்துவதைக் குறிக்கும். பட்டறை வழக்கில் தொங்கலமைப்பு சஸ்பென்ஷன் என்றும், அதிர்வுத் தணிப்பான் ஷாக் அப்சார்பர் என்றும் அழைக்கப்படுகின்றன. மேலை நாடுகளில் இம்மாற்றம் பெரிதும் பந்தய ஆர்வலர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதை நாடுவோரின் தேவை வேறு. வண்டியின் அடிப்பகுதி வேகத்தடையில் தட்டுவதும், ஆட்களும் மூட்டைகளும் ஏறியதும் பின்புறம் அமிழ்ந்துவிடுவதுமே இங்கு முதன்மையான காரணங்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சாலைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பெரம்பலூர், அரியலூர் சாலைகளின் தன்மை

இவ்விரு மாவட்டங்களும் முன்னர் ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995 இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001 இல் பிரிக்கப்பட்ட அரியலூர் 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானது. பெரம்பலூர் வழியே செல்லும் திருச்சி - சென்னை நான்குவழிச் சாலை, பழைய எண்ணில் தேசிய நெடுஞ்சாலை 45 ஆகவும், இன்றைய எண்ணில் 38 ஆகவும் அறியப்படுகிறது. இதில் மட்டும் ஓடும் சீருந்துக்கு எந்த மாற்றமும் தேவைப்படாது எனலாம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் நிலைமை மாறுகிறது.

இங்கு பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண் பரவலாக உள்ளது. கரிசல் நீரை ஏற்று ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போடப்பட்ட சாலை சில மழைக்காலங்களுக்குள் அலைபோல் மேடுபள்ளமாகிவிடுவது இயல்பு. அரியலூர்ப் பகுதியில் இதனுடன் சுண்ணாம்புக்கல் சுமையுந்துகளும் சேர்கின்றன. கிரீத்தேசியக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் அங்கு மிகுதியாகக் கிடைப்பதால், தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு ஆகியவற்றின் ஆலைகள் அம்மாவட்டத்தில் அமைந்துள்ளன. சுரங்கத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ஊர்களுக்கும் செல்லும் சுமையுந்துகள் சீருந்துகள் செல்லும் அதே சாலைகளையே பயன்படுத்துகின்றன.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் நடந்த ஆஷோ சாலைச் சோதனையின்படி, ஓர் அச்சு சாலைக்கு விளைவிக்கும் சேதம் அதன் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. இந்தியாவில் 2018 சூலையில், நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சுமை கூடியது 13 விழுக்காடு. ஆனால் மேற்கண்ட விதிப்படி சேதமோ ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. ஊரகச் சாலைகளில் சீருந்தின் ஷாக் அப்சார்பர் விரைவில் தேய்வதற்கான காரணத்தைச் சீருந்துக்குள் மட்டும் தேடுவது போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

வேகத்தடைகள் தனிச் சிக்கல். இந்திய சாலைப் பேரவையின் 1988 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான பொதுவான வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் பரிந்துரைக்கின்றன. ஊர்களில் அந்தந்த ஊராரே அமைத்துக்கொள்ளும் தடைகள் பெரும்பாலும் இந்த அளவுகளுக்கு உட்படுவதில்லை. உயரம் அதேதான் என்றாலும், அகலம் ஒரு மீட்டராகக் குறையும்போது முன் சக்கரம் இறங்கிய பிறகும் மேடு வண்டியின் வயிற்றுக்குக் கீழே நிற்கும். ஐந்து பேர் அமர்ந்த சிறிய சீருந்து அதில் தட்டாமல் கடப்பது அரிது.

இயங்கும் முறை

தொங்கலமைப்பில் இரண்டு வேலைகள் உண்டு. வில் வண்டியின் எடையைத் தாங்கி, மேடுபள்ளத்தின் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. தணிப்பான் அந்த ஆற்றலை எண்ணெய் வழியே வெப்பமாக்கி வெளியேற்றுகிறது. தணிப்பான் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. எனவே "வண்டி இறங்கிவிட்டது, ஷாக்கை மாற்ற வேண்டும்" என்னும் பரவலான கருத்து பெரும்பாலும் தவறானது. வண்டி நிலையாகத் தாழ்ந்திருந்தால் குறை வில்லில் இருக்கும். பள்ளத்தில் இறங்கியபின் பலமுறை ஆடினால் குறை தணிப்பானில் இருக்கும்.

வில்லின் மென்மையை அளவிட எளிய வழி, வண்டியின் எடையால் அது எவ்வளவு அமிழ்ந்துள்ளது எனப் பார்ப்பதாகும். 25 செ.மீ. அமிழ்ந்தால் வண்டி நொடிக்கு ஒருமுறை ஊசலாடும், 11 செ.மீ. எனில் ஒன்றரை முறை, 6 செ.மீ. எனில் இரண்டு முறை. பயணச் சீருந்துகள் பொதுவாக ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட அளவில் வடிவமைக்கப்படுகின்றன. மனித உடல் செங்குத்து அதிர்வுக்கு மிகவும் நலிவது நொடிக்கு 4 முதல் 8 முறை என்னும் எல்லையில் ஆகும். வில் விறைப்பாக ஆக, இந்த எல்லையிலுள்ள அதிர்வு இருக்கைக்கு மேலும் மிகுதியாக வந்து சேரும். முதுகுவலி உள்ளோரும் கருவுற்றோரும் செல்லும் வண்டியில் இது சிறிய செய்தி அன்று.

சுருள்வில்லின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பி என்றால், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. விறைப்போ 38 விழுக்காடு கூடிவிடும். அப்போது பழைய தணிப்பானையே வைத்துக்கொண்டால், தணிப்பு விகிதம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். வில் உதறும், தணிப்பானால் அதை அடக்க முடியாது, சக்கரம் சாலையை விட்டு எழும். எழுந்த சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. வில்லை மட்டும் மாற்றுவது அரைவேலை எனப் பொறியாளர்கள் கருதுவது இதனாலேயே.

வாகனங்களும் வகைகளும்

1958 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரில் முன்புறம் முறுக்குத் தண்டும் பின்புறம் பட்டைவில்லும் இருந்தன. ஊர்ப்புறங்களில் இன்றும் மிகுதியாகக் காணப்படும் மகிந்திரா பொலேரோவில் முன்புறம் சுருள்வில், பின்புறம் பட்டைவில். மாருதி சுவிஃப்ட் போன்ற சிறிய சீருந்துகளில் முன்புறம் மெக்பர்சன் தாங்கியும், பின்புறம் முறுக்கு விட்டமும் உள்ளன. மெக்பர்சன் தாங்கியில் வில்லும் தணிப்பானும் ஒரே கூட்டாக அமைந்து, திருப்பும் அச்சாகவும் அதுவே செயல்படுவதால், அதைத் தொட்டால் சக்கரக் கோணங்களும் மாறும்.

மாற்றத்திற்கு முன் சோதனை

மேம்பாடு தேவை என்று பட்டறைக்கு வரும் பல வண்டிகளுக்கு உண்மையில் தேவைப்படுவது பழுதுநீக்கமே ஆகும். கீழ்க்கையின் ரப்பர் புஷ் கிழிதல், பால் ஜாயிண்ட் தேய்தல், ஸ்டெபிலைசர் லிங்க் தளர்தல், மேல்தாங்கி ரப்பர் அமுங்குதல் ஆகிய நான்கும் "சஸ்பென்ஷன் போய்விட்டது" என்ற ஒரே முறையீடாகவே வெளிப்படும். இவற்றின் விலை ஒரு முழுத் தொகுப்பின் விலையில் சிறு பகுதியே. தணிப்பானின் உடல்மீது எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் அதன் அடைப்பான் போய்விட்டது எனக் கொள்ளலாம். வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது எனப் பார்ப்பது பழைய முறை. முற்றிலும் செத்த தணிப்பானை மட்டுமே இது காட்டிக்கொடுக்கும். சக்கரக் காற்றழுத்தத்தையும் இவ்வேளையில் பார்ப்பது நன்று. அளவுக்கு மிஞ்சிய காற்றினால் வரும் குலுக்கலுக்கு ஷாக் வாங்கியவர்களும் உண்டு.

பாகங்களைத் தேர்தல்

தணிப்பான்களில் இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என இருவகை உள. ஆலையிலிருந்து வரும் சீருந்துகள் பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகையைக் கொண்டவை. நெடுந்தொலைவு மோசமான சாலையில் ஓடும்போது எண்ணெயில் நுரை தோன்றித் தணிப்பு குன்றுவது இதன் குறை. குறைந்த அழுத்தத்தில் வாயு அடைத்து இதை ஓரளவு தவிர்க்கின்றனர். ஒற்றைக் குழாய் வகையில் வாயு உயர் அழுத்தத்தில் தனி அறையில் இருப்பதாலும், குழாயின் வெளிச்சுவர் காற்றில் நேரடியாகப் படுவதாலும் வெப்பம் விரைவில் வெளியேறும். ஆனால் விலை மிகுதி. அந்த ஒற்றைச் சுவரில் கல் பட்டு நசுங்கினால் தணிப்பான் பயனற்றுப் போகும். சுண்ணாம்புக்கல் சிதறும் சாலைகளுக்கு இது எண்ணிப் பார்க்க வேண்டியது. 1961 இல் தொடங்கப்பட்ட கேபிரியேல் இந்தியா, சப்பானின் கேஒய்பி, செருமனியின் பில்ஸ்டீன், நெதர்லாந்தின் கோனி ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். அன்றாடப் பயன்பாட்டுச் சீருந்துக்கு ஆலைத் தரத்துக்கு இணையான புதிய தணிப்பான்களே பெரும்பாலும் போதுமானவை.

உயரம் கூட்டுவதற்குச் சுருள்களுக்கு இடையே செருகும் ரப்பர் வளையங்கள் பஃபர் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. விலை குறைவு, பொருத்துவதும் எளிது. எனினும், வளையம் இருக்கும் இடத்தில் சுருள் அசையாததால் இயங்கும் சுற்றுகள் குறைந்து எஞ்சியவற்றின் மீது தகைவு கூடும். ஆறு சுற்றில் ஒன்று செயலிழந்தால் விறைப்பு 20 விழுக்காடு உயரும். தாங்கியின் மேல் வைக்கும் தட்டுகள் வில்லின் தன்மையை மாற்றுவதில்லை. ஆனால் சக்கரம் முழுதும் தொங்கும்போது ஓட்டுத்தண்டின் கோணம் மிகுந்து, மூட்டும் அதன் ரப்பர் உறையும் விரைவில் கெடும். வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்வதால் வளைவுகளில் சாய்வு கூடும்.

பட்டைவில் வண்டிகளில் ஒரு பட்டை சேர்ப்பது நெடுங்கால வழக்கம். ஐந்து பட்டைகள் ஆறானால் விறைப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும், பின்புறம் நிமிரும். ஆனால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. பிரேக், அச்சு, சக்கரம் ஆகியவை பழையனவே. வண்டி அமிழாததால் ஓட்டுநருக்கு மிகைச்சுமை கண்ணில் படாமல் போவதே இதன் பெரிய ஆபத்து.

வாங்குதலும் பொருத்துதலும்

இரு மாவட்டத்தினரும் இத்தகைய பாகங்களுக்குத் திருச்சியையோ, சென்னையின் ஜி. பி. சாலைக் கடைகளையோ நாடலாம். வண்டியின் மாதிரி, ஆண்டு, எரிபொருள் வகை ஆகிய மூன்றையும் சொல்லிப் பாக எண்ணைச் சரிபார்த்தல் வேண்டும். டீசல் பொறி கனமானது என்பதால் அதன் முன்வில் பெட்ரோல் வண்டியின் வில்லிலிருந்து வேறுபடுவது வழக்கம். போலிப் பாகங்கள் புழங்குவதால் பொருள் சேவை வரியுடன் கூடிய பற்றுச்சீட்டைப் பெறுவது உத்தரவாதத்துக்கும் உதவும். சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவு, விளக்குக் கூடு போன்றவற்றுக்கு அது தக்க இடமே. உள்ளே தேய்ந்திருப்பது வெளியே தெரியாத தணிப்பானுக்கு அன்று.

தணிப்பான்களை ஓர் அச்சுக்கு இரண்டாகவே மாற்ற வேண்டும். மெக்பர்சன் தாங்கியைக் கழற்றும்போது அழுத்தப்பட்ட சுருள்வில் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது. உரிய அழுத்தியின்றிக் கயிறும் கம்பியும் கட்டிக் கழற்றும் இடத்தைத் தவிர்ப்பது நலம். ரப்பர் புஷ்களின் திருகுகளை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். பணி முடிந்ததும் சக்கர அலைன்மெண்ட் இன்றியமையாதது.

சட்ட நிலை

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 182அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தேய்ந்த பாகத்துக்கு ஈடான புதிய பாகம் பொருத்துவது பராமரிப்பு என்றே கொள்ளப்படும். உயரத்தை வெளிப்படையாக மாற்றும் தொகுப்புகளுக்கு முன்னதாகப் பெரம்பலூரிலோ அரியலூரிலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறிவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் தெரிவிப்பதும் தேவை. தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்பு உண்டு.