அண்டை வீட்டாரும் ஆபத்துக் காலமும்

பெருவெள்ளமோ நிலநடுக்கமோ நேருங்கால், அரசினரின் மீட்புப் படை வந்து சேருமுன் பல மணி நேரம் கழிந்துவிடுவதுண்டு. அந்த இடைவேளையில் உயிர் காப்பவர் அண்டை வீட்டாரே. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானின் கோபே நகரில் நேர்ந்த நிலநடுக்கத்தில், இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டோரில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாருமே ஆவர். அயலாரின் இவ்வுதவியை ஒழுங்குபடுத்தக் கைப்பேசிச் செயலி ஒன்றை அமைப்பதாயின், அது எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள். புனே நகரின் ஒரு பகுதியாகிய விமான் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

புனேக்கு வெள்ளம் புதிதன்று. 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தைத் தாங்க மாட்டாமல் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடையவே, முத்தா ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. 2019 செப்டம்பர் 25 இரவு பெய்த பெருமழையில் ஆம்பில் ஓடை கரை புரண்டது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூலை 25ஆம் நாள் சிம்மகட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

விமான் நகர், நகரின் வடகிழக்கே லோஹகாவ் விமான நிலையத்தை அடுத்துள்ளது. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இப்பகுதியில், தொழிலை நாடிப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். கிராமத்தில் எந்த வீட்டில் கிழவி தனித்திருக்கிறாள் என்பதை ஊரே அறியும். இங்கோ, மூன்றாம் மாடியில் இருப்பவர் யார் என்பதை நான்காம் மாடியில் இருப்பவர் அறியாதிருத்தல் கூடும். செயலி முதலில் தீர்க்க வேண்டிய குறை இதுவே.

இத்தகைய முயற்சிகள் நம் நாட்டில் முன்னரே நடந்துள்ளன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சென்னை தத்தளித்தபோது, தன்னார்வ இளைஞர்கள் உதவி வேண்டுவோரையும் தருவோரையும் இணைக்கும் இணையப் பக்கத்தைத் தொடங்கினர். நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் நிலப்படமும் உருவாயிற்று. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் தன்னார்வலர்களும் சேர்ந்து ‘கேரள ரெஸ்க்யூ’ என்னும் தளத்தை நடத்தினர். கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து, வீடுகளில் சிக்கியோரை மீட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குக் கற்பிப்பவை மூன்று.

முதலாவது, வெள்ளத்தில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். உதவி மிகவும் தேவைப்படுவோரே பேச இயலாதவராகிவிடுவர். ஆதலால் இணையம் இன்றியும் செயலி இயங்குதல் வேண்டும். முகவரிப் பட்டியலும் வரைபடமும் கைப்பேசிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருத்தல் நன்று. புளூடூத் அலைகள் சில பத்து மீட்டர் தொலைவே செல்லும். எனினும், ஒரு கைப்பேசியின் செய்தியை அடுத்தது வாங்கி அதற்கடுத்ததற்குத் தருமாறு அமைத்தால், நெருங்கிய அடுக்குமாடிகளில் செய்தி தாவித் தாவிச் செல்லும்.

இரண்டாவது, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தொடக்கம் இருப்பதுபோல முடிவும் இருத்தல் வேண்டும். ஒரே குடும்பத்திற்காகப் பத்து உறவினர் பத்து இடங்களிலிருந்து எழுதுவர். மீட்கப்பட்டவரைக் குறித்த செய்தி மறுநாளும் உலவும். அதனை நம்பிச் செல்லும் படகு, உண்மையில் தவித்திருக்கும் மற்றொருவரை விட்டுச் சென்றதாகும். கேரளத்தில் தன்னார்வலர்கள் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு வேண்டுகோளையும் சரிபார்க்க முயன்றது இதனாலேயே. ஆகவே இடம், ஆட்களின் எண்ணிக்கை, தேவை, எழுதிய நேரம், ஏற்றுக்கொண்டவர், முடிந்ததா இல்லையா என்னும் ஆறும் ஒவ்வொரு குறிப்பிலும் தவறாது இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, பட்டியல் மழைக்கு முன்னரே ஆயத்தமாதல் வேண்டும். மின்தூக்கி நின்றால் படியிறங்க இயலாதவர், மின்சாரக் கருவியால் பிராணவாயு பெறும் நோயாளர், மருத்துவர், செவிலியர், ஏணியும் கயிறும் வைத்திருப்பவர் என வகைப்படுத்தி எழுதலாம். ஆனால் தனித்திருக்கும் முதியோரின் பட்டியல் திருடனுக்கும் பயன்படும் என்பதை மறத்தலாகாது. அவரவர் இசைவுடனேயே விவரங்களைச் சேர்த்து, குடியிருப்புச் சங்கம் தேர்ந்த சிலர் மட்டுமே காணுமாறு பூட்டி வைத்தல் வேண்டும்.

இப்பட்டியலில் எளிதில் விடுபடுவோர் சிலர் உளர். வாயிற்காவலரும், வீட்டு வேலை செய்யும் பெண்களும், பால் கொணர்பவரும் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். எந்த வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்பதை நன்கறிந்தவர் அவர்களே. தாழ்ந்த இடத்தில் குடிசை இருப்பின், வெள்ளம் முதலில் புகுவதும் அவர்கள் வீட்டினுள்ளேயே. உதவுவோராகவும் உதவி பெறுவோராகவும் அவர்கள் பெயர் இடம்பெறாத செயலி அரைகுறையானதே. மராட்டி, இந்தி, தமிழ் எனப் பல மொழிகளோடு, எழுத்தறியாதாரும் உணரும் படக்குறிகளும் அதில் வேண்டும். பட்டியலின் அச்சுப்படி ஒன்று வாயிற்காவலரிடம் இருத்தல் நலம்.

அரசின் 112 என்னும் அவசர எண்ணுக்கோ, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ எச்சரிக்கைச் செயலிக்கோ இது மாற்றன்று, அவற்றிற்குத் துணையே. ஆண்டுதோறும் ஜூன் மாதத்துப் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இணையத்தை நிறுத்திவிட்டு, எல்லா வீட்டாரும் கூடிச் செயலியை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். அன்று எந்தக் கதவைத் தட்டினால் யார் திறப்பார் என்பது தெரிந்துவிடும். எந்தக் கதவை இதுவரை எவருமே தட்டவில்லை என்பதும் தெரியவரும்.